கிணற்றோரம் நின்ற புதுக்கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷோபனாவுக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் ஃபிளாட்டின் பழைய கிணற்றை மூட, இடிச்ச கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. மூடினால் இரண்டு கார் நிறுத்தலாமாம். அட, காருக்கு இருக்கிற மவுசு தண்ணிக்கு இல்லையே!

கோடையில் தண்ணி லாரி பின்னால் குடமும் கையுமாக ஓடி, தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டவர்கள்தான் அத்தனை பேரும். அதனால்தான் மொட்டை மாடியில் விழும் மழையெல்லாம் அந்த வறண்ட கிணற்றில் இறங்கும்படி ஷோபனா பைப் போட வைத்தாள். "ஒரு மழை பாருங்க. பலிக்கலைன்னா மூடிடுங்க, முதல் கல்லை நானே போடுறேன்" என்று சங்கக் கூட்டத்தில் சவால் வேறு விட்டுத் தொலைத்தாள். வாய் சும்மா இருந்தால்தானே!

மழையும் வந்தது. வெளுத்து வாங்கியது. கிணறு பாதிக்கு மேல் ரொம்பியதைப் பார்த்து ஷோபனா குதிகுதியென்று குதித்தாள். அவள் குதித்ததை ஊரே பார்த்தது, அதுதான் வினை. வெயில் அடித்ததும் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கிணற்றில் சேறு மட்டும் மிச்சம்.

"தண்ணி எங்க மேடம்?" என்று இப்போது கிணற்றை எட்டிப் பார்த்தார் ஜெகதீஷ். மூன்றாம் மாடிக்காரர், ஐ.டி. வேலை. தன் புதுக்காரைக் கிணற்றோரமாகவே கொண்டு வந்து நிறுத்தி, "நான் துண்டு போட்டுட்டேன்பா" என்று நக்கல் வேறு.

"மண்ணுக்குள்ள இறங்கியிருக்கு சார். நம்ம போர் அங்கதானே தண்ணி எடுக்குது? கிணத்துலயே நின்னா கொசுவுக்குத்தான் லாபம்."

"கண்ணுக்குத் தெரியாத தண்ணி! பலே!"

கிணற்றைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஷோபனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெகதீஷ் லாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தார். சொன்ன சொல் சொன்னதுதானே? கிணற்றின் விளிம்புக்குப் போனாள்.

சடசடவென்று சத்தம்! கார் கூரையில் தண்ணி கொட்டியது.

அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாடித் தொட்டி ரொம்பினால் வழிகிற குழாய்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு குழாய் இருப்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்! அந்த ஃபிளாட்டில் மோட்டாரைப் போடுவார்களே தவிர, நிறுத்துகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. தொட்டி கால்வாசி ஏறுவதற்குள் போர் காற்றை வாங்கி இருமும், மோட்டார் தானாக நின்றுவிடும். அந்த தைரியத்தில்தான் வாட்ச்மேன் வேலை பார்க்கும் கன்னியம்மா ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் பூ வாங்கக் கிளம்பியிருந்தாள்.

இப்போது பூவும் கையுமாக வந்தவள் கேட்டிலேயே வாயைப் பிளந்தாள். "இன்னாம்மா இது? நான் போட்டுட்டுப் போன மோட்டாரு இன்னுமா ஓடிகினு கீது?"

எல்லோர் கண்ணும் கிணற்றுப் பக்கம் திரும்பியது. அப்புறம் பார்க்கணுமே! ஒரே கூச்சல், விசில். ஜெகதீஷ் காரைக் கூட மறந்து அருவிக்கடியில் நிற்பது போல் நின்று, இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டார். "தொட்டி ரொம்பிடுச்சுடா! நம்ம தொட்டி ரொம்பிடுச்சு!"

ஷோபனாவுக்குச் சந்தோஷத்தில் நெஞ்சே வெடித்துவிடும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "ஆட்டம் போட்டது போதும்! மோட்டாரை நிறுத்துங்கய்யா, தண்ணி வீணாப் போகுது!"

யார் காதில் விழுந்தது? அவளே ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். திரும்பினால், சொட்டச் சொட்ட நனைந்தபடி ஜெகதீஷ் எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் கவனித்தாள், கல் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"அதைக் கொடுங்க மேடம்," என்றார் அவர். "லாரியிலயே போட்டுட்டு வரேன்."