படிக்கிற பெண் இருக்கிற வீடு

சங்கமித்ரா மருத்துவப் படிப்புக்கான சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதி முடித்த மறுவாரம், ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்த அம்மா குழாயடிக்குப் போய் ரத்தம் துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு எல்லம்மாதான் ஆட்டோ பிடித்து இருவரையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இருமல் எத்தனை நாளாக என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார்.

"நாலு நாளா சார்," என்றாள் சங்கமித்ரா. அவளுக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

எல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னா கண்ணு நாலு நாளு? தீபாவளியிலேருந்து இருமுறா உங்கம்மா. இருமல் வந்தா எங்க வூட்டுக்கு ஓடியாந்துடுவா. பொண்ணு படிக்குது, காதுல வுழுந்தா படிப்பு கெட்டுடும்னுவா."

ஸ்ரீராம்புரத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. அம்மா அடிக்கடி எழுந்து எதிர்வீட்டுக்குப் போனது சங்கமித்ராவுக்கு நினைவிருந்தது. டிவி பார்க்கப் போகிறாள் என்று நினைத்து எரிச்சல்கூடப் பட்டிருக்கிறாள். நுரையீரல் பாடத்தை அவள் மனப்பாடம் செய்ததும் அந்த அறையில்தான்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சங்கமித்ரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டருக்குப் படிக்கப்போறா சார்," என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மகள் பக்கத்திலேயே நிற்கிறாளே என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, எழுந்து வெளியே போனாள்.