சனிக்கிழமைக் கையெழுத்து

இறைச்சித் தொழிற்சாலையின் சாப்பாட்டு இடைவேளையில், பெத்ரோனா காருக்குள் உட்கார்ந்து வக்கீல் டானாவுக்குப் போன் போட்டாள். அடித்து உதைத்த புருஷன் மேல் துணிந்து போலீசில் புகார் கொடுத்து, கோர்ட்டில் சாட்சியும் சொன்னவள் அவள். குடியேற்றக் காகிதம் இல்லாத அப்படிப்பட்டவர்களுக்கென்று அமெரிக்காவில் ஒரு விசா உண்டு. அதற்கு நிற்கிற வரிசை இருக்கிறதே, அப்பப்பா, அனுமார் வால்! ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் அவள் முறை வந்திருக்கிறது.

குவாத்தமாலாவில் எட்டு வயதில் விட்டுவந்த மகள் எல்வியாவின் பேரும் அதே மனுவில் இருந்தது. இப்போது அவளுக்கு இருபத்தொன்று. அவளுக்கென்று கட்டில் வாங்கிப் போட்டே நாலு வருஷம் ஆகிறது.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலையே?" என்றாள் டானா.

"சனிக்கிழமை மேடம். பையன் செலியோவோட ஒரு வருஷமா ஒண்ணாத்தான் இருக்கா. எங்க ஊர்ல மொதல்ல குடும்பம், அப்புறம்தான் கல்யாணக் கையெழுத்து."

"ஐயோ, சேர்ந்து இருந்தா பரவாயில்ல. கையெழுத்துப் போட்டா அவ பேரை எடுத்துடுவாங்க. மாப்பிள்ளைக்கும் இதுல இடமில்ல. உடனே நிறுத்தச் சொல்லுங்க. நீங்க போய்ப் பார்க்கலாம்னும் நினைக்காதீங்க, வெளிய போனா திரும்ப வர்றது சந்தேகம்."

பெத்ரோனா மகளை வீடியோவில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ நிறுத்துன்னா நிறுத்திடுறேம்மா. செலியோ கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். நீ ஒரு வார்த்தை சொல்லு."

வந்துடுடி கண்ணு என்று தொண்டை வரை வந்துவிட்டது. பதிமூன்று வருஷமாக அந்தப் பிள்ளையின் தலைமயிரை ஒருநாள் வாரிவிட மாட்டோமா என்று ஏங்கிச் செத்தவள் அவள்.

"அவன் எப்படிடி?"

"ஒரு தடவைகூட என் மேல கை ஓங்கினதில்லம்மா."

அதைக் கேட்டதும் பெத்ரோனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போலீசைக் கூப்பிட்டால் உன்னைத்தான் நாடு கடத்துவான் என்று மிரட்டி மிரட்டியே புருஷன் அவளைக் கட்டிப் போட்டிருந்தான். பெற்றவள் நானும் ஒரு காகிதத்தைக் காட்டி இவளைக் கட்டுவதா?

"போய்க் கையெழுத்துப் போடு. நல்லா இரு," என்றாள்.

கல்யாணப் பெண் தாய் முன்னால் மண்டியிட்டு ஆசி வாங்குவது அவர்கள் வழக்கம். எல்வியா போனைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அழுதுகொண்டே மண்டியிட்டுத் தலை குனிந்தாள்.

பெத்ரோனா திரையில் தெரிந்த அந்தத் தலை மேல் உள்ளங்கையை வைத்தாள். கை மறைத்ததில் மகளே தெரியவில்லை. எடுக்கவும் மனசு வரவில்லை.