ஒரு விரல் திரி

கேள்விக்காரருக்கு வருடத்துக்கு ஒரே நாள் வேலை. ஒளிக்கல் பட்டறைக்குப் போய் விளக்கேற்றி, கதவைத் திறந்துவைத்து, "இருக்கிறீர்களா, போகிறீர்களா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். முப்பது பெண்களும் ஒரே குரலில் "இருக்கிறோம்" என்பார்கள். கதவைச் சாத்திவிட்டு முதலாளி வீட்டு விருந்தில் கை நனைக்கலாம். பத்து வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடியது.

எல்லாம் விடுவித்தவர் சொல்லிவைத்தது. முந்நூறு வருடத்துக்கு முன்னால், இருட்டில் தானாக எரியும் அந்தக் கற்களை இதே பட்டறையில் சங்கிலியோடு தேய்த்தவர் அவர். சங்கிலியை அறுத்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: யாரையும் கேட்காமல் வைத்திருக்காதே. நெருப்பு அணையும்வரை கதவு திறந்திருக்க வேண்டும், போகிறேன் என்பவரைத் தடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் திரி ஒரு முழமாம், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்பார்களாம். பின்னால் வந்த முதலாளிகள் பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை. திரியை மட்டும் விரல் நீளமாக்கி, கேள்வியை மொத்தமாக்கிவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் வாசலில் காவல்.

இந்த வருடம் கேள்வி நாளுக்கு முந்தின நாள் விளக்கைத் துடைக்கப் போனபோது, அங்கே கல் தேய்க்கும் அவருடைய அக்கா தலை நிமிராமல் சொன்னாள்.

"நாளைக்குப் போறேன்னு சொல்லப் போறேன்டா."

"பைத்தியமாக்கா உனக்கு? முதலாளி என்னை உரிச்சுத் தொங்கவிட்டுருவாரு. நான் இருக்கிற வீடே அவர் குடுத்தது."

"இடது கண்ணு போயிருச்சு. வலதுல உன் மூஞ்சி புகையாத் தெரியுது. இன்னும் ஒரு வருஷம் தாங்காது."

கல்பொடி கண்ணைத் தின்னும். அந்தக் கண்களை வைத்துத்தான் அவள் தம்பியை வளர்த்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி தனியாக "போறேன்" என்றபோது, கூட்டக் குரலில் காதில் விழாததுபோல் அவர் கதவைச் சாத்தியிருந்தார். மறுநாளே அவளைக் கல் உடைக்கும் குழிக்கு அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு கண்ணும் போயிற்று.

இரவெல்லாம் புரண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய முறைப்படி ஒவ்வொருவராகக் கேட்பது. அக்காவின் இடம் கடைசி. அவளிடம் போவதற்குள் திரி முடிந்துவிடும். அவள் சொன்னதாகவும் ஆகாது, குழியும் இல்லை. பயந்தாங்கொள்ளிகளுக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

விளக்கேற்றினார். வாசலில் தெருவே கைகூப்பி நின்றது. முதல் பெண் முன்னால் போய் நின்றார்.

"இருக்கியா, போறியா?"

"என்ன புதுசா?" என்றார் முதலாளி.

"விடுவித்தவர் சொன்ன முறைங்க ஐயா."

ஊர் பார்க்கும்போது முதலாளி என்ன சொல்வார்? தலையாட்டினார். அந்தப் பெண்ணோ திருதிருவென்று விழித்தாள்.

"என்னையா கேக்கறீங்க?"

"உன்னைத்தான்மா."

அவள் கதவைப் பார்த்தாள். கையிலிருந்த கல்லை மெல்லக் கீழே வைத்தாள். "அப்ப போறேன்."

யோசனை இப்படித் தலைகீழாகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அடுத்தவளும் போனாள். ஒருத்தி, வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று சொல்லி அழுதபடி இருந்துகொண்டாள். பதினோராவதாக, கற்களைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தவள் முன்னால் நின்றார். குழிக்குப் போய்க் கண்ணிழந்து திரும்பியவள்.

"இருக்கியா, போறியா?"

"அன்னிக்கே சொன்னேனே. இப்பவாவது காதுல விழுதா?"

"விழுதும்மா," என்றார். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்திலிருந்தவளும் "நானும் போறேன்" என்று எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் நேரத்தைக் கடத்தவில்லை, ஓடி ஓடிக் கேட்டார். ஆனால் விரல் திரி எத்தனை நேரம் எரியும்? ஐந்து பேர் பாக்கி இருக்கும்போது சுடர் படபடத்தது.

"திரி முடியுது. கதவை இழுங்கடா!" என்று முதலாளி கத்தினார்.

"அக்கா!" நாலு தலைகளுக்கு மேலாகக் கூவினார். "சீக்கிரம் சொல்லுக்கா, இருக்கியா, போறியா?"

அக்கா புகைபடிந்த கண்ணால் குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

"வரிசையா வாடா. எனக்கு முன்னால நாலு பேர் உக்காந்திருக்காங்க."

அவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவினார். கேள்விக்காரருக்கு அடையாளமே அந்தத் துண்டுதான். அதன் நுனியைச் சுடரில் பிடித்தார். பத்து வருட விளக்கெண்ணெய் ஊறிய துணி குப்பென்று பற்றியது.

"இது திரி இல்லய்யா!" என்று முதலாளி பாய்ந்து வந்தார்.

"நெருப்பு அணையறவரைக்கும்னுதாங்க ஐயா அவர் சொன்னாரு."

வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். துண்டு கையை நோக்கி எரிந்து வந்தது. கேள்விக்காரர் அதை விடாமல் அடுத்த பெண்ணின் முன்னால் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கியாம்மா, போறியா?"