செல்லக்கிளியின் தனிச் சொம்பு

உப்பளத்துச் செல்லக்கிளிக்குத் தண்ணீர் குடிக்கத் தனிச் சொம்பு வைத்துவிட்டார்கள் என்ற சேதி, முகாம் போட்ட மறுநாள் காலையிலேயே கிருபாநிதியின் காதுக்கு வந்துவிட்டது. அப்படி வைக்கப் பண்ணியவன் அவன்தான்.

எழுபத்து நாலாம் வருஷம். பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் சிலர் மெட்ராஸிலிருந்து தூத்துக்குடி உப்பளத்துக்கு முகாம் வந்திருந்தார்கள். பல் பிடுங்க அல்ல, சீக்கு வருமுன்னே ஜனங்களிடம் எப்படிப் பேசுவது என்று பழக. கூட்டி வந்தவர் டாக்டர் கிளாடிஸ். கிருபாநிதிக்கு நாசரேத்துதான் ஊர். இந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்தவன் என்று அவனையே முதலில் பேச விட்டார். அவனோ ஊர்ப்பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பிரசங்க மேடை ஏறியவன் மாதிரி முழங்கினான். புற்றுநோயில் கன்னம் அழுகிய படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். முன்னதாக எல்லார் வாயையும் பார்த்தபோது, செல்லக்கிளியின் இடது கன்னத்துக்குள், புகையிலை அதக்குகிற இடத்தில், வெள்ளைத் தடிப்பு ஒன்றைக் கண்டிருந்தான். அதையும் சபையில் போட்டு உடைத்தான்.

"இந்த அக்காவுக்கு இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்."

பெண்கள் படத்தைப் பார்த்தார்கள். செல்லக்கிளியைப் பார்த்தார்கள். தண்ணீர்ப் பானையைப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்காங்க மேடம். விட்டா முத்திரும்" என்று, சொம்புச் சேதி கேட்ட கையோடு கிளாடிஸிடம் போய் நின்றான்.

"நீ அவங்ககிட்ட என்ன கேட்டே?"

யோசித்தான். ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"சொன்னே. அவ்வளவுதான். படத்தை இங்க வச்சிட்டுப் போய்க் கேளு."

உச்சிவேளை. உப்பு அம்பாரத்து நிழலில் பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளி மட்டும் தள்ளி வெயிலில். உப்புத்தண்ணீர் தின்ற பாதங்களை நீட்டி, சொம்பைப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"வாரும். இன்னும் யாருக்கு என்ன சீக்குன்னு தண்டோரா போட வந்தீரா?"

"தப்பு எம்மேலதாங்க்கா." கீழே உட்கார்ந்தான். "ஏன் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிய?"

"மவளுக்கு மாப்ள பாக்கோம். நான் ஒத்தையில ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னா, அந்தச் சீக்குதான்னு ஊரே முடிவு கட்டிரும். எவன் பொண்ணெடுப்பான்?"

இது எந்தப் பாடத்திலும் இல்லை.

"புகையிலை எப்பக்கா போடுவிய?"

"பசிக்கையில. கருக்கல்ல பாத்தியில இறங்குனா உச்சி வரைக்கும் அதுதான் கஞ்சி. எனக்கு மட்டுமா? எல்லாவளுக்கும்."

அவன் அவளுடைய சொம்பை எடுத்து, வாய் வைத்தே குடித்தான்.

"ஏளா, டாக்டரு குடிக்காரு பாரு!" என்றாள் நிழலில் இருந்த சண்முகத்தாய். "நாளைக்கு அவரு கன்னமும் ஓட்டைதான்."

சிரிப்பு எழுந்தது. அவனும் சிரித்தான்.

"ஒட்டுற சீக்கா இருந்தா, நேத்து அத்தனை வாய்க்குள்ளயும் விரலை விட்டவன் நான்தான் முதல்ல போயிருக்கணும். எல்லாரும் புகையிலை போடுதியல்லா? ஒருத்தர் கன்னத்தை ஒருத்தர் பாருங்க."

பையிலிருந்த முகக்கண்ணாடியை நீட்டினான். உப்பில் பட்டுத் தெறித்த வெளிச்சம் எந்த விளக்கையும் விடப் பிரகாசம். கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். முத்துக்கனிக்குச் சின்னதாய் வெள்ளை. சண்முகத்தாய்க்குப் பெரிதாகவே. நேற்று அவன் எழுதி வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் விட்டவைதான் இரண்டும். சண்முகத்தாய் கண்ணாடியை விடாமல் இன்னொரு தரம் கன்னத்தை இழுத்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் அந்தச் சீக்குன்னு நான் சொல்லல. துளி சதையைக் கிள்ளிப் பாத்தாத்தான் தெரியும். மூணு பேரும் சேந்து ஆஸ்பத்திரிக்கு வாரியளா?"

சண்முகத்தாய் எழுந்து வந்து, சொம்பை எடுத்துப் போய் எல்லாரும் குடிக்கிற பானைமேல் கவிழ்த்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

"எந்திரிளா. வெயில்ல என்ன தவமா இருக்கே?"

கங்காணி வீரபாகு வள்ளென்று விழுந்தார். "மூணு பேரும் போனா உப்பை உங்கப்பனா வாருவான்?"

"அரை நாள் விடுங்க அண்ணாச்சி. முத்திப் படுத்தாவன்னா அப்புறம் ஆளே கிடையாது" என்றான் கிருபாநிதி.

"சரி, அரை நாள். அதுக்கு மேல என் பல்லையே பிடுங்குனாலும் கிடையாது."

மறுநாள் காலை வேனில் ஏறுவதற்கு முன் செல்லக்கிளி அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"கிள்ளுனா வலிக்குமா தம்பி?"

வலிக்காது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"மரத்துப்போக ஊசி போடுவாங்க. ஊசி வலிக்கும். மரப்பு விட்ட பிறகும் வலிக்கும். காரம் ஆகாதுக்கா."

"ம். அப்படிச் சொல்லும்."

கன்னத்திலிருந்த புகையிலையைத் துப்பினாள். இடுப்பிலிருந்த மீதியை எடுத்துப் பார்த்தாள். தூரப் போடவில்லை, முந்தானையில் இறுக்க முடிந்துகொண்டு ஏறினாள்.

அதைப் பார்த்த கிருபாநிதி, பிரசங்கம் எதுவும் வைக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.