சும்மா ஓர் ஏழு மீட்டர்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எங்கள் துணிக்கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் சொல்லும் பொய்: “சும்மா பார்க்கத்தான் வந்தேன்.” சர்வதேச மகளிர் நட்புப் போட்டி என்று ஒரு பேனரைப் பார்த்ததும் என் காதில் விழுந்தது அந்தக் குரல்தான். நட்பு ஆட்டம் என்றால் சும்மா ஆட்டம்தானே?

(அந்த ஆட்டத்தைக் கைப்பந்து என்று எழுதினால் நீங்கள் நடுவில் வலையைக் கட்டிவிடுவீர்கள். ஆகவே ஹேண்ட்பால். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்.)

2.

அவள் கையுறையை இறுக்கிக்கொண்டு கோலுக்கு முன்னால்—

வேண்டாம். இந்த ஆட்டத்தில் கோல் காக்கிற கோலிக்குக் கையுறை கிடையாதாம். கழற்றிவிட்டேன். வருஷம் முழுக்கத் துணி அளக்கும் வெறுங்கை. கோலி ஒரு துணிக்கடை மருமகள், நாற்பதை நெருங்குகிறவள். இன்றைக்குக் கோட்டைவிட்டால் இனி பெஞ்சுதான் என்று கோச் சொல்லிவிட்டார்.

எதிரணியில் எறிகிறவளை முதலில் யாரோ ஒருத்தியாகத்தான் வைத்திருந்தேன். சரக்கு சப்பென்று இருந்தது. நாத்தனாராக்கினேன். வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்டு, அந்த நாட்டு அணிக்கே ஆடுகிறவள். நீங்க யார் பக்கம் என்று கேலரியில் யாரோ மாமியாரைக் கேட்டார்கள். மகளுக்கு ஒரு கை, மருமகளுக்கு ஒரு கை, ரெண்டும் சேர்ந்தால்தானே கைதட்டல் என்றார். கெட்டிக்காரி.

3.

நேரம் முடிந்துவிட்டது. ஸ்கோர் சமம். பாக்கி ஒரே ஒரு பெனால்டி எறிதல்: ஏழு மீட்டர் தள்ளி நாத்தனார், நடுவில் யாரும் இல்லை.

கடைக்கு வாங்க வருகிறவரின் கண் வேண்டாத துணியில் மேயும். கால் கட்டைவிரல் வேண்டிய துணிப் பக்கம் திரும்பியிருக்கும். நாத்தனாரின் கண் இடது மூலையில். கட்டைவிரல் வலப்பக்கம். ஆக, வலது. ஆனால் அவளும் அதே கடையில் பிறந்தவள். கட்டைவிரலாலும் பொய் சொல்வாள். ஆக, இடது. ஆனால் இது அண்ணிக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆக—

(இங்கே ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். எனக்கே தலை சுற்றியது.)

“என்ன அண்ணி இப்படி முறைக்கறீங்க? நட்பு ஆட்டம்தானே. சும்மா போடறேன்.”

கோலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா என்கிறவர்கள்தான் கடைசியில் கடையையே கட்டித் தரச் சொல்வார்கள்.

“போடும்மா. பார்க்கறதுக்குக் காசா, பணமா?”

விசில். கோலி இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. துணியை விரித்துக் காட்டுகிறவள் மாதிரி இரண்டு கையையும் அகல விரித்தபடி நேராக முன்னால் பாய்ந்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

4.

பந்து அவள் தோளில் பட்டுத் தெறித்து— அடித்துவிட்டேன். மகள் அழுதால் மாமியார் தாங்கமாட்டார். பந்து அவள் அக்குளுக்கடியில் நழுவி— அதையும் அடித்தேன். பெஞ்சு என்றாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது. கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்றால் கழிவு விலைச் சரக்கு என்பீர்கள்.

பந்து காற்றில் நிற்கிறது. எந்த முடிவு எடுக்கிறீர்கள்?

என்னது? “இல்லைங்க, சும்மா வாசிச்சுப் பார்த்தேன்” என்கிறீர்களா?

அந்தப் பேச்சைக் கேட்டதும்தான் நாங்கள் கத்தரிக்கோலைக் கையில் எடுப்போம். சொல்லுங்கள், எங்கே வெட்டட்டும்?