துளிர்த்த பெஞ்சு

பள்ளி திறந்து ஆடி பிறப்பதற்குள் இரண்டாம் வகுப்பில் ஜோயா உட்கார்ந்திருந்த பெஞ்சு துளிர்விட்டது. மாம்பலகையில் செய்தது, ஆகையால் மாவிலைதான் வந்தது. அந்த வாரம் திருவண்ணாமலையில் தக்காளி விலை ஏறியிருந்தது, பௌர்ணமிக் கூட்டமும் ஜாஸ்தி; ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. வகுப்பாசிரியை அன்புச்செல்வி மட்டும் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஜோயா வீட்டில் பின்னக் கணக்குப் போடுகிறவள். கிரிவலப் பாதையில் போனால் கடைப் பலகைகளில் தமிழையும் இங்கிலீஷையும் ஆந்திராக்காரர்களுக்காக எழுதிய தெலுங்கையும் வாசித்துக்கொண்டே வருவாள். வகுப்பிலோ, மற்றவர்கள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை கைகட்டி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த நேரமெல்லாம் பெஞ்சில் இலை வந்தது. காவலாளி இருசப்பன் சாயங்காலம் அரிவாளால் கழித்துவிட்டுப் போவார். மறுநாள் மதியத்துக்குள் கிளை ஜன்னலைத் தொடும். தரையில் உட்காரவைத்தார்கள். சிமெண்ட் வெடித்து அருகம்புல் முளைத்தது.

அம்மா மெஹ்ஜபீனுக்குத் தேரடி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பள்ளியில் கூப்பிட்டபோதெல்லாம் போய்ப் பணிவாகவே கேட்டாள், பெரிய வகுப்புப் புத்தகம் ஏதாவது கொடுங்கள் என்று. தாளாளர் கண்ணாயிரம் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொன்னார். "வயசுக்கு ஏத்த கிளாஸ்தாம்மா. ஒரு பிள்ளைக்காக ரூல மாத்த முடியாதுங்க."

ஐப்பசியில் துளிர் நின்றுபோனது. பள்ளியில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த வாரத் தேர்வில் ஏழும் ஐந்தும் பதினொன்று என்று ஜோயா எழுதியிருந்தாள்.

"தெரியாதா உனக்கு?" என்று மெஹ்ஜபீன் கேட்டாள்.

"தெரியும் அம்மி. எதைத் தப்பா எழுதலாம்னு யோசிச்சிட்டே இருந்தா இலை வராது. மிஸ்ஸும் திட்ட மாட்டாங்க."

மெஹ்ஜபீனுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. மறுநாள் மகளின் கையைப் பிடித்து, தாளாளர் அறையைத் தாண்டி நேராக நான்காம் வகுப்புக்குள் போய் முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள். கண்ணாயிரம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது, கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

"ஆடி மாசத்துலருந்து நான்தாங்க கேட்டுட்டு இருக்கேன். என் பொண்ணு இப்ப முட்டாளா நடிக்கக் கத்துக்கிட்டா. உங்க ஸ்கூல்ல அது ஒண்ணுதான் கத்துக்கிட்டா."

அவள் குரல் உயரவில்லை. கண்ணாயிரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கரும்பலகையில் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் மணிவேல் சாக்பீஸை ஜோயாவிடம் நீட்டினார். அவள் முதலில் தப்பாகத்தான் போட்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அழித்துவிட்டுச் சரியாகப் போட்டாள். அடுத்த கணக்கு அவளுக்கு வரவில்லை. வராத கணக்கைப் பார்த்து அவள் சிரித்தபோது மெஹ்ஜபீனின் கோபம் இன்னும் கூடியது. இத்தனை மாதம் இந்தச் சிரிப்பைப் பிடுங்கி வைத்திருந்தார்களே.

கணக்கும் வாசிப்பும் நான்காம் வகுப்பில், மற்றதெல்லாம் தன் வயதுப் பிள்ளைகளோடு என்று ஏற்பாடாயிற்று. கண்ணாயிரத்துக்கு மெஹ்ஜபீன் இன்றுவரை வணக்கம் வைப்பதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து, ஒன்றாம் வகுப்பில் சினேகா என்ற பிள்ளையின் பெஞ்சு துளிர்த்தது. அது வேம்பு. இருசப்பன் அரிவாளோடு வந்தார். பக்கத்து வகுப்பிலிருந்து வந்த அன்புச்செல்வி அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"வெட்டாதீங்க. அந்தப் பிள்ளைக்குப் புஸ்தகம் பத்தல."