வாசல் மரத்தைப் பற்றி ஓர் ஆட்சேபணை

மாநகராட்சியின் மரப் பிரிவில் ஆய்வாளர் என்று இருந்தது அவள் ஒருத்திதான். புயல் பருவத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு மரச் சுத்தியலும் இரண்டு பெயின்ட் டப்பாவுமாகத் தெருத்தெருவாக நடக்கத் தொடங்கினாள். தலை கனத்த மரத்துக்கு மஞ்சள்; கிளையைக் குறைத்தால் காற்று ஊடே போய்விடும், மரம் நின்றுகொள்ளும். வேர் போன மரத்துக்குச் சிவப்பு, எடுத்தே ஆகவேண்டும். பதினோராம் நாள் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தாள். அங்கிருந்த தூங்குமூஞ்சி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, சிவப்பு அடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அந்த மரத்தை வைத்தவர் மாமனார். நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பைப் பார்த்த நிமிடத்திலிருந்து மருமகளோடு பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "உப்பு அந்தப் பக்கம் இருக்கான்னு கேளு" என்று மகனிடம் சொல்வார். மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பகலெல்லாம் "இது தெளிவா தெரியுதா, இல்ல முன்னாடி காட்டினதா" என்று கேட்டுக் களைத்துப் போய் வருகிறவன். "இருக்காம்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவான்.

ஐந்தாம் நாள் அலுவலகத்தில் அவள் மேசைக்கு, வாசல் மரத்தை எடுக்கக்கூடாது என்று ஒரு மனு வந்தது. பன்னிரண்டு பத்தி. நல்ல, நிதானமான கையெழுத்து. அடையாளம் தெரியாமல் இருக்க வழியே இல்லை; வீட்டுப் பால் அட்டையிலும் இதே கையெழுத்துத்தான்.

பொறியாளரிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

"சார், இதை வேற யாராவது பாத்தா நல்லா இருக்கும். மனு என் மேல வந்திருக்கு."

"பிரிவுல ரெண்டே பேரு. நீங்க, டிரைவர். டிரைவருக்கு மரம் தெரியாது."

"மனு கொடுத்தவரு என் மாமனாரு சார்."

"அப்ப ரொம்ப நல்லது. அட்ரஸ் தேட வேண்டாம்."

மனு முடிகிறவரை மரத்தை எடுக்கக்கூடாது என்பது விதி. நேரில் ஆய்வு செய்வதென்றால் மூன்று நாள் முன்னதாகத் தபாலில் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. அனுப்பினாள். சனிக்கிழமை தபால்காரர் வந்தபோது மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி, அவர் மேசையில் வைத்தவளும் அவள்தான்.

குறித்த நாளில் ஜீப்பில் வந்து இறங்கித் தன் வீட்டு அழைப்பு மணியை அடித்தாள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், கோப்போடு வந்தார்.

"வாங்க ஆய்வாளர் அம்மா. உக்காருங்க."

"பரவாயில்லை மாமா."

"இது அலுவல் சம்பந்தப்பட்ட விஷயம். மாமா வேண்டாம்."

அவள் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினாள். தெருப்பக்கம் சத்தம் கெட்டியாக இருந்தது. வீட்டுப்பக்கம் காலிப் பீப்பாய் போல ஒலித்தது. இரண்டு வருடம் முன்பு வடிகாலுக்குத் தோண்டியபோது தெருப்பக்க வேரையெல்லாம் அறுத்திருந்தார்கள். போதாததற்கு மாமனார் வீட்டுப்பக்கம் அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசிவிட்டிருந்தார். அடியில் காளான் தட்டுத்தட்டாக முளைத்திருந்தது.

"இது விழும்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?" என்று கேட்டார் மாமனார்.

"முடியாது."

"விழாதுன்னு?"

"அதுவும் முடியாது."

"அப்ப என்னதான் சொல்ல முடியும்?"

"விழுந்தா எந்தப் பக்கம் விழும்னு சொல்ல முடியும்."

"எந்தப் பக்கம்?"

"நீங்க படுக்கிற ரூம் மேல."

மாமனார் அதைக் குறித்துக்கொண்டார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மனு முடிகிறவரை மரம் இருக்கட்டும். கொம்பைக் குறைத்து மூன்றில் ஒரு பங்கு பாரத்தை இறக்கிவிடலாம். புயல் நாளில் பின்பக்க அறையில் படுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு மட்டும் அவர் பிடி கொடுக்கவில்லை. என் அறை என் உரிமை என்றார்.

மனு முடியவில்லை. புயல் முந்திக்கொண்டது.

அன்று காலையிலிருந்தே அவள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். எங்கெங்கே மரம் விழுந்தது என்று வயர்லெஸ்ஸில் வருவதை எழுதுவது வேலை. பத்து மணிக்குப் பிடித்த காற்று ஒரு மணிக்குச் சட்டென்று நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. அறையில் யாரோ கை தட்டினார்கள். அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்தான்.

"மாமா எங்க?"

"வாசல்ல. மரம் விழல, தெரியுமா? போட்டோ எடுத்துட்டிருக்காரு. ஆதாரமாம்."

"புயல் முடியலைங்க! நடுக்கண்ணு நம்ம மேல இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும். அவரை உள்ள இழுத்துட்டு வாங்க!"

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் கூச்சல். பிறகு செருப்புச் சத்தம். போனை எடுத்தவர் மாமனார். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு, வீட்டு மனிதராக அவளிடம் பேசினார்.

"ஏம்மா, மரத்தடியில மண்ணு விரிஞ்சு கிடக்கு. கையை விட்டுப் பாத்தேன். முழங்கை வரைக்கும் போகுது."

"கையை விட்டீங்களா?"

"விட்டேன்."

"எல்லாரும் பின்பக்கம் போயிடுங்க மாமா. இப்பவே."

"போறோம்" என்றார். அதோடு லைன் செத்துப்போனது.

மூன்று மணி நேரம் ஒரு சேதியும் இல்லை. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. பிறகு பார்த்தபோது, ஒரே தெருவின் பெயரை ஆறு தடவை எழுதியிருந்தாள். அவர்கள் வீடு இருக்கும் தெரு.

மாலையில் நடந்தே வீடு வந்தாள். மரம் தெருவில் குறுக்கே படுத்திருந்தது. வாசல் கேட் அதன் அடியில் தட்டையாகிக் கிடந்தது. வீட்டின் மேல் ஓர் இலைகூட விழவில்லை. மாமனார் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நீ சொன்ன பக்கம் விழல" என்றார்.

"ஆமா மாமா. அன்னைக்குப் பக்கம் சொன்னப்ப, காத்து திரும்பும்கிறதை நான் யோசிக்கல. தப்புதான்."

அவர் கேட்டைக் காட்டினார்.

"நானும் யோசிக்கல. அங்கதான் நின்னுட்டிருந்தேன்" என்றார்.

 அவள் அவர் பக்கத்தில், ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஊர் முழுக்க ரம்பச் சத்தம். இரண்டு நாளில் சாலைகள் திறக்க வேண்டும், கிடப்பதையெல்லாம் அறுத்துத் தள்ளு என்று உத்தரவு. அவள் பொறியாளரிடம் மன்றாடினாள். கெட்டுப்போன கிழ மரத்தை அறுக்கட்டும். இரண்டு கைக்குள் அடங்குகிற இளமரத்தை நிமிர்த்தினால் பிழைக்கும். வேர் காயக்கூடாது, ஈரச் சாக்குப் போட்டு வைத்தால் போதும். "ஆள் இல்லையே" என்றார் பொறியாளர். அதில் பொய் இல்லை.

வீட்டில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டாள். மாமனார் காது கொடுத்துக் கேட்டார். காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய், சாய்ந்து கிடந்த இளமரங்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். ரம்பக்காரர்கள் வந்தார்கள்.

"பெரியவரே, நகருங்க. வெட்டணும்."

"எதை?"

"விழுந்த மரத்தை."

"விழுந்ததுன்னா செத்ததுன்னு எந்த உத்தரவுல எழுதியிருக்கு? கொடுங்க, படிச்சுப் பாக்கறேன்."

உத்தரவை ஜீப்பில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். எடுத்து வந்து கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் நிறுத்தி விளக்கம் கேட்டார். அரை மணி நேரத்தில் ரம்பக்காரர்கள் வேறு தெருவில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அதற்குள் அந்தத் தெருப் பெண்கள் சாக்கும் வாளியுமாக இறங்கியிருந்தார்கள். மதியம் மருமகள் கயிறும் முட்டுக்கட்டையுமாக வந்தாள். கண்ணாடிக் கடையும் அன்று மூடிக் கிடந்தது. மகன் கயிறு இழுத்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான்.

மூன்று நாளில் முப்பத்தேழு மரம் நிமிர்ந்தது. ஒன்றரை மாதம் போனதும் இருபத்தொன்பது துளிர்த்தது. எட்டுக்கு உயிர் இல்லை. அந்த எட்டில் ஒன்றை இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று மாமனார் பிடிவாதம் பிடித்தார். பார்த்தார்கள். அதுவும் போய்விட்டது.

வாசலில் சிமென்ட்டைப் பெயர்த்து அகலமாகக் குழி எடுத்து அவள் ஒரு புன்னைக் கன்றை வைத்தாள். முழங்கால் உயரம்தான் இருந்தது.

"நிழல் வர எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார் மாமனார்.

"பதினஞ்சு ஆகும் மாமா."

அவர் தன் அறை ஜன்னலைப் பார்த்தார். வெயில் கட்டில்வரை வந்திருந்தது.

"அப்ப திரை போட்டுக்கலாம்" என்றார். மகனைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனார். கேட்ட நிறம் கிடைக்காமல், பூப்போட்ட துணி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.